நம் அணி செய்த குற்றம்



அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள், எதை எடுத்துக்கொள்வது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். தேர்தல் முறையைப் பற்றியோ உச்ச நீதிமன்றத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேஸ்பால் ஆட்டத்தில் நடந்த ஒரு ஏமாற்று வேலையிலிருந்து தொடங்குகிறேன். 2020ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் அந்த நாட்டில் இரண்டு விசாரணைகள் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்குப் போட்டி போட்டன. ஒன்று, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017இல் எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடிய வழக்கு. மற்றொன்று, அதிபர் டொனால்ட் டிரம்ப் மீது செனட்டில் நடந்த பதவிநீக்க விசாரணை. இரண்டிலும் குற்றச்சாட்டு வேறு, சட்டம் வேறு, மனிதர்கள் வேறு. ஆனால் குற்றம் எப்படி ஒளிக்கப்பட்டது, யார் வாய் திறந்தார்கள், திறந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டும் ஒரே வழியில்தான் நடந்திருக்கின்றன. ஏமாற்றுக்காரரைக் காப்பாற்றுவது சட்டத்தின் ஓட்டை என்று பலரும் நம்புகிறோம். அவரைக் காப்பாற்றுவது அவருடைய அணிதான் என்பது என் கருத்து. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் அதை அடிக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஒரு வினாடியில் பாதிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். வருவது நேரே பாயும் ஃபாஸ்ட்பாலா, கடைசி நொடியில் வளையும் கர்வா, வேகமாக வருவதுபோல் காட்டித் தயங்கி வரும் சேஞ்சப்பா என்று பேட்டர் ஊகிக்க வேண்டும். எந்தப் பந்து வீச வேண்டும் என்பதை அந்நாளில் பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டிப் பிட்சருக்குச் சொல்வார். அந்த விரல்களைப் படித்துவிட்டால் பேட்டருக்குப் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் தன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தால் அது சாமர்த்தியம். ஆட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. மின்னணுக் கருவி கொண்டு திருடினால் குற்றம்.

ஆஸ்ட்ரோஸ் செய்தது இதைத்தான். பேட்டருக்கு நேரெதிரே, மைதானத்தின் கோடியில் உள்ள கேமரா கேட்சரின் விரல்களைக் காட்டும். அந்தப் படம், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குப் பின்னால் உள்ள நடைவழியில் மாட்டிய திரைக்கு வரும். அங்கே நிற்பவர் சைகையைப் படித்துப் பேட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எப்படித் தெரிவிப்பது என்று பல வழிகளைச் சோதித்தார்கள். கை தட்டிப் பார்த்தார்கள், விசில் அடித்தார்கள், தசை பிடித்துவிடும் மசாஜ் கருவியைக்கூட முயன்றார்கள். கடைசியில் நிலைத்தது குப்பைத் தொட்டி. பேட்டால் ஓங்கி அடித்தால், வளையும் பந்தோ மெதுவான பந்தோ வரப்போகிறது என்று பொருள். சத்தமே இல்லையென்றால் ஃபாஸ்ட்பால். கோடிக்கணக்கான டாலர் சம்பளம் வாங்குகிறவர்கள், உலகத்தின் மிகச் சிறந்த பேட்டர்கள் சிலர், ஒரு பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியை நம்பி ஆடினார்கள்.

2017 செப்டம்பர் 21ஆம் தேதி ஹூஸ்டனில் ஓர் ஆட்டம். சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் பிட்சர் டேனி ஃபார்க்கர், ஈவான் காட்டிஸுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார். கேட்சர் சேஞ்சப் என்று விரல் காட்டும்போதெல்லாம் எதிரணி டக்அவுட் பக்கமிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். நன்றாக விழும் என்று அவர் நம்பிய பந்துகளைப் பேட்டர் தொட்டுத் தட்டிவிடுகிறார். அந்தச் சத்தத்தைச் சில முறை கேட்டதும் ஃபார்க்கர் வீசும் மேட்டிலிருந்து இறங்கிக் கேட்சரை அழைத்துச் சைகைகளை மாற்றினார். அதன் பிறகு சத்தம் நின்றுவிட்டது. பின்னாளில் வந்த விசாரணை அறிக்கை, அன்று ஆஸ்ட்ரோஸ் வீரர்களிடையே ஏற்பட்ட பதற்றத்தைப் பதிவு செய்திருக்கிறது. சிலர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த திரையைக் கழற்றி ஓர் அலுவலக அறையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தாம் செய்வது சாமர்த்தியம் என்று நம்பியவர்கள் திரையை ஒளிக்க மாட்டார்கள். செய்வது தவறு என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கு ஆறு நாள் முன்னால்தான், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி கைக்கடிகாரம் மூலம் சைகை திருடிய விவகாரத்தில் பேஸ்பால் லீகின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அபராதம் விதித்து, இனி மின்னணுக் கருவி பயன்படுத்தினால் அணியின் பொது மேலாளரும் மேலாளரும் பொறுப்பு என்று எல்லா அணிகளுக்கும் எழுதியிருந்தார். அதன் பின்னும் தொட்டி முழங்கியது. இறுதித் தொடர்வரை முழங்கியது. அந்த ஆண்டு ஆஸ்ட்ரோஸ் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை ஏழு ஆட்டங்களில் வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாக உலகத் தொடர்க் கோப்பையை எடுத்தது. ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்த சில வாரங்களில் வந்த வெற்றி அது. வீடிழந்த மக்கள் தெருவில் நின்று அழுதபடியே கொண்டாடினார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியையும் சேர்த்துத்தான் அந்த வீரர்கள் கறைப்படுத்தினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் இன்றும் குறையவில்லை.

பாதிக்கப்பட்டவர் ஒருவரின் பெயரையும் சொல்ல வேண்டும். மைக் போல்சிங்கர், டொரான்டோ புளூ ஜேஸ் அணியின் பிட்சர். 2017 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஹூஸ்டனில் இடையில் இறக்கப்பட்டார். ஒரே ஒருவரைத்தான் அவுட்டாக்க முடிந்தது. நான்கு ஓட்டங்கள் கொடுத்தார். அத்துடன் சரி. அவர் மீண்டும் பெரிய லீகில் பந்து வீசவே இல்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்ததற்குத் தொட்டி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தம் திறமை தீர்ந்துவிட்டதா, தாம் ஏமாற்றப்பட்டோமா என்ற கேள்வியோடு ஒரு மனிதர் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தார். பெரிய நட்சத்திரங்களுக்கு இந்தத் திருட்டால் பெரிதாக எதுவும் போகவில்லை. அணியில் இடம் பிடித்து வைக்கத் தவித்துக்கொண்டிருந்த சாதாரண வீரருக்குத்தான் போனது.

இது வெளியே வந்தது எப்படி? 2017இல் அதே அணியில் பந்து வீசிய மைக் ஃபயர்ஸ், 2019 நவம்பரில் 'தி அத்லெட்டிக்' செய்தியாளர்களிடம் தன் பெயரைச் சொல்லியே விவரத்தைக் கூறினார். அதுவரை வதந்தியாக உலவியது அன்று செய்தியானது. அடுத்து நடந்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆஸ்ட்ரோஸ் அணியின் தீவிர ரசிகர் ஒருவர், தன் அணி உண்மையில் எவ்வளவு ஏமாற்றியது என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தார். வீடியோ கிடைத்த 58 உள்ளூர் ஆட்டங்களில் 8,274 பந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒலியைக் கேட்டு, தொட்டிச் சத்தங்களைக் குறித்தார். 1,143 என்று கணக்கு வந்தது. எந்தப் பேட்டருக்கு எத்தனை என்பதையும் பிரித்துப் போட்டார். சிலருக்கு நூற்றுக்கு மேல்; அணியின் முதன்மை நட்சத்திரமான ஹோசே அல்டூவேக்கு மிகச் சொற்பம். குற்றவாளிகளைப் பிடிப்பது மட்டும் அல்ல, குறைவாகச் சம்பந்தப்பட்டவரை அதிகம் சம்பந்தப்பட்டவரோடு சேர்த்து நசுக்காமல் காப்பதும் அந்தக் கணக்கால் முடிந்தது. எதிரணி ரசிகர் யாராவது செய்திருந்தால் ஹூஸ்டனில் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். சொந்த அணிக்காரர் செய்ததால்தான் அதற்கு அந்த மதிப்பு வந்தது.

2020 ஜனவரி 13இல் ஆணையரின் தீர்ப்பு வந்தது. பொது மேலாளர் ஜெஃப் லூனோ, மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்ச் இருவருக்கும் ஓராண்டுத் தடை. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம்; லீகின் விதிப்படி அதற்கு மேல் போட முடியாது. 2020, 2021 ஆண்டுகளில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இரண்டு சுற்று உரிமைகள் பறிப்பு. உரிமையாளர் ஜிம் கிரேன் அன்றே இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியை அடித்த வீரர்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு அடித்து ஆடிய வீரர்கள், இவர்களில் ஒருவருக்கும் ஒரு நாள் தடைகூட இல்லை. வாக்குமூலம் வேண்டும் என்பதற்காக வீரர்கள் சங்கத்தோடு பேசி, உண்மை சொன்னால் தண்டனை இல்லை என்று உறுதி கொடுத்துத்தான் விசாரணையே நடந்தது. கோப்பையும் அவர்களிடமே இருந்தது.

இதில் ஹிஞ்ச் என்ற மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. திரை வைத்ததை அவர் விரும்பவில்லை. இரண்டு முறை அதை உடைத்திருக்கிறார். ஆனால் வீரர்களைக் கூப்பிட்டு, 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. உடைத்தால் வேறொன்று வாங்கி மாட்டுவார்கள் என்பது தெரியாதவர் அல்ல. தன் மனச்சாட்சிக்கு ஒரு வடிகால் வேண்டும், அணியின் ஒற்றுமைக்கும் கீறல் விழக்கூடாது. இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவரை நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் அதே மாதத்தில் வாஷிங்டனில் அவரைப் போன்ற பலரைப் பார்த்தோம்.

உக்ரைனுக்குப் போக வேண்டிய ராணுவ உதவியை நிறுத்தி வைத்து, அரசியல் போட்டியாளர் மீது விசாரணை தொடங்கச் சொல்லி அந்நாட்டு அதிபரை நெருக்கினார் என்பது டிரம்ப் மீதிருந்த குற்றச்சாட்டு. ஜனவரி 16இல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் செனட்டர்களுக்கு நடுநிலை உறுதிமொழி செய்துவைத்தார். 2005இல் தம் நியமன விசாரணையில், நீதிபதி என்பவர் பந்து சரியா தவறா என்று சொல்லும் அம்பயர் போன்றவர் என்று கூறியவர் இவர். நூறு பேர் உறுதிமொழி எடுத்தார்கள். ஜனவரி 31இல் புதிய சாட்சிகளை அழைக்கலாமா என்ற கேள்வி வந்தபோது 51 பேர் வேண்டாம் என்றார்கள், 49 பேர் வேண்டும் என்றார்கள். டென்னசி செனட்டர் லாமர் அலெக்சாண்டர், அதிபர் செய்தது முறையற்றது, அது நிரூபணமும் ஆகிவிட்டது, ஆனால் பதவிநீக்கும் அளவுக்கு இல்லை என்று அறிக்கை விட்டார். சாட்சிகள் வேண்டாம் என்று வாக்களித்தார். அவர் அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று முன்பே அறிவித்தவர். இழப்பதற்கு அவரிடம் பதவியும் இல்லை. திரையை உடைத்தார், தொட்டியை அடிப்பவர்களைத் தடுக்கவில்லை.

பிப்ரவரி 5இல் டிரம்ப் விடுவிக்கப்பட்டார். குடியரசுக் கட்சியின் ஒரே ஒருவர், யூட்டா செனட்டர் மிட் ராம்னி, அதிகார துஷ்பிரயோகம் என்ற முதல் குற்றச்சாட்டில் குற்றவாளி என்று வாக்களித்தார். தன் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி வாக்களித்த செனட்டர் அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் ஒருவரும் இல்லை. இந்த வாக்கியத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1999இல் பில் கிளின்டன் மீது அதே விசாரணை நடந்தபோது ஜனநாயகக் கட்சியின் 45 செனட்டர்களும் இரண்டு குற்றச்சாட்டுகளிலும் குற்றமில்லை என்றார்கள். சத்தியம் செய்து பொய் சொன்னாரா என்ற கேள்விக்கு 45 பேரும் தனித்தனியாக யோசித்து ஒரே விடைக்கு வந்தார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை. இரண்டு வழக்கும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது என் கருத்து. கட்சிகள் நடந்துகொண்ட முறை ஒன்றுதான்.

நம் நாட்டு மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். அதனால் நம் உறுப்பினர்கள் வாய் திறக்காததற்குச் சட்டத்தைக் காரணம் காட்டலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கட்சியை மீறி வாக்களித்த செனட்டரின் பதவியை அவர் கட்சி அன்று பறிக்க முடியாது. அவ்வளவு சுதந்திரம் இருந்தும் அதைப் பயன்படுத்தியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கட்சி அரசியலும் பேஸ்பால் ஏமாற்றும் ஒரே அறைக்குள் உட்கார்ந்த நாள் ஒன்று உண்டு. 2008 பிப்ரவரி 13. அதற்கு இரண்டு மாதம் முன்பு, முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் ஊக்க மருந்து பற்றிய தம் 409 பக்க அறிக்கையை வெளியிட்டிருந்தார். அதில் 89 வீரர்களின் பெயர்கள். மிகப் பெரிய பெயர் ரோஜர் கிளெமென்ஸ், தம் காலத்தின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். அவருக்கு ஊக்க மருந்து ஊசி போட்டதாகச் சொன்னவர் அவருடைய பயிற்சியாளர் பிரையன் மெக்னமி. பிரதிநிதிகள் சபையின் கண்காணிப்புக் குழு இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, நடுவில் மிட்செலின் உதவியாளர் ஒருவரையும் உட்கார வைத்தது. ஒருவர் போட்டேன் என்கிறார். மற்றவர் போடவே இல்லை என்கிறார். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். இது கட்சி சார்ந்த கேள்வியா? வரி விகிதமா, போரா, கருக்கலைப்பா? ஒரு மனிதரின் உடம்பில் ஊசி ஏறியதா இல்லையா என்ற கேள்வி.

ஆனால் கேள்விகள் தொடங்கியதும் அறை இரண்டாகப் பிரிந்தது. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பெரும்பாலும் மெக்னமி மீது பாய்ந்தார்கள். இந்தியானாவின் டான் பர்ட்டன் அவருடைய பழைய பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஜனநாயகக் கட்சியின் ஹென்றி வாக்ஸ்மன், எலைஜா கம்மிங்ஸ் போன்றோர் கிளெமென்ஸை மடக்கினார்கள். விதிவிலக்குகள் இருந்தன, ஆனால் அவை விதிவிலக்குகளே. கிளெமென்ஸ் டெக்சாஸ்காரர், புஷ் குடும்பத்துக்கு நண்பர். விசாரணைக்கு முன்பு உறுப்பினர்களின் அறைகளுக்கு நேரில் போய்ச் சந்தித்தார். அலுவலக ஊழியர்களோடு படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கடன் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நாட்டின் சட்டமியற்றும் சபை இதற்கு ஒரு நாளைச் செலவிட்டது என்பது பலருடைய ஆத்திரம். என் ஆத்திரம் வேறு. செலவிட்ட அந்த நாளிலும் உண்மையைத் தேடவில்லையே என்பதுதான். பின்னர் கிளெமென்ஸ் மீது பொய் சாட்சி வழக்கு நடந்தது. அவருடைய நண்பரும் சக பிட்சருமான ஆண்டி பெட்டிட், ஊக்க மருந்து பற்றிக் கிளெமென்ஸ் தம்மிடம் சொன்னதைத் தாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2012 ஜூனில் ஜூரிகள் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் கிளெமென்ஸை விடுவித்தார்கள். அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தக் குழு, அதைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடு உட்காரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மனித இயல்பே இப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1951 நவம்பரில் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முரட்டுத்தனமாக முடிந்தது. ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்த எண்ணிக்கை, டார்ட்மவுத் மாணவர்களே குறித்ததைப்போல இரு மடங்குக்கும் மேல். பார்த்தது ஒரே படம். ஆய்வு 1954இல் வெளியானது. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அது சரி. ஆனால் அந்த மாணவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு உட்கார்ந்த நடுவர்கள் அல்ல. செனட்டர் நடுவர். அவருக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்படியானால் கட்சியோ அணியோ சாராத, யாருக்கும் அஞ்சாத ஒரு தனி மனிதரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடலாமா? பேஸ்பால் அதையும் செய்து பார்த்திருக்கிறது. 1919 உலகத் தொடரில் சூதாடிகளிடம் பணம் வாங்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகச் சிகாகோ வைட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு. 1921 ஆகஸ்ட் 2இல் சிகாகோ ஜூரிகள் விசாரணைக்கு வந்தவர்களை விடுவித்தார்கள். விடுதலையான வீரர்களை ஜூரிகளே தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். மறுநாள், கூட்டாட்சி நீதிபதியாக இருந்து லீகின் முதல் ஆணையரான கெனிசா மவுண்டன் லாண்டிஸ், எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுக்கத் தடை செய்தார். ஆட்டம் தன் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றது இந்தத் துணிவால்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1944இல் அவர் இறக்கும்வரை, அந்த லீகில் ஒரு கறுப்பின வீரர்கூடச் சேர்க்கப்படவில்லை. அதைக் கேள்வி கேட்க அவருக்கு மேல் ஒருவரும் இல்லை. கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் களம் இறங்கியது 1947 ஏப்ரலில். தனி மனிதரின் துணிவு ஒரு பக்கம் மட்டும் பாயும்போது அதைத் திருத்த வழியிருக்காது.

அவருக்குப் பின் வந்த ஆணையர்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை. அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும், பதவியை நீட்டிப்பவர்களும் அணி உரிமையாளர்களே. 2020இல் மான்ஃப்ரெட் தண்டித்தது தம்மை வேலைக்கு வைத்தவர்களில் ஒருவருடைய அணியை. கோப்பையைப் பறிக்கச் சொன்னவர்களிடம், அது வெறும் உலோகத் துண்டு என்று பேசினார், வீரர்களே கொதித்தெழுந்தார்கள், மன்னிப்புக் கேட்டார். தண்டிக்க வேண்டியவர் தண்டிக்கப்பட வேண்டியவரிடம் சம்பளம் வாங்கும் ஏற்பாடு இது. செனட்டில் தம் கட்சி அதிபரை விசாரித்த செனட்டர்களும் அடுத்த தேர்தலில் அதே அதிபரின் ஆதரவாளர்களிடம் போய்த்தான் நிற்க வேண்டும்.

அரசியல் பேஸ்பாலுக்குள் நேரடியாகக் கை நுழைப்பதும் உண்டு. 1922இல் உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. வேறு எந்த ஆட்டத்துக்கும் இல்லாத சலுகை. அது நியாயமா என்று நிதானமாக விவாதித்து முடிவெடுக்க நாடாளுமன்றத்துக்கு நூறு ஆண்டு நேரம் இருந்தது. 2021 ஏப்ரலில், ஜார்ஜியாவின் வாக்குரிமைச் சட்டத்தை எதிர்த்து லீக் தன் நட்சத்திர ஆட்டத்தை அட்லான்டாவிலிருந்து மாற்றியதும், குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலர் அந்த விலக்கைப் பறிக்கும் மசோதாவோடு வந்தார்கள். சலுகை தவறானால் எப்போதும் தவறுதான். நமக்குப் பிடிக்காததைச் செய்த அன்று மட்டும் அது தவறாகத் தெரிந்தால், பெயர் சட்டம் அல்ல, மிரட்டல்.

பீட் ரோஸ் விவகாரம் இன்னும் அண்மையது. 4,256 ஹிட்கள் எடுத்த சாதனையாளர். தம் சொந்த அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டினார் என்று 1989 ஆகஸ்டில் நிரந்தரத் தடைக்கு உள்ளானார். 2004வரை அதை மறுத்தே வந்தார். 2024 செப்டம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கப்போவதாக அறிவித்தார். ஏப்ரலில் ஆணையரை வெள்ளை மாளிகையில் சந்தித்தார். மே 13இல், இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று மான்ஃப்ரெட் புதிய விதி சொன்னார். 1919 விவகாரத்தில் தடை பெற்ற எட்டுப் பேரில் ஒருவரான ஜோ ஜாக்சன் பெயரும் அத்துடன் பட்டியலிலிருந்து விலகியது. இறந்த மனிதர் மீது எனக்கு வன்மமில்லை. ஆனால் 2018இல் விளையாட்டுப் பந்தயத்துக்கு உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தபின், ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் கட்டும் வசதி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2025 நவம்பரில் கிளீவ்லாண்ட் அணியின் இரண்டு பிட்சர்கள், பந்தயக்காரர்களுக்காகக் குறிப்பிட்ட பந்துகளை வேண்டுமென்றே மோசமாக வீசினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். இருவரும் மறுத்திருக்கிறார்கள், வழக்கு அதன் வழியில் போகட்டும். அப்படிப்பட்ட ஆண்டில் போயா இந்தத் தடையைத் தளர்த்துவது?

இதையெல்லாம் கேட்டு, அமெரிக்காவில் அப்படித்தான் என்று எழுந்து போய்விடாதீர்கள். நம் கிரிக்கெட்டில், 2015 ஜூலையில் லோதா குழு, நிர்வாகத்தைச் சேர்ந்தவர் செய்த பந்தயக் குற்றத்துக்காகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை இரண்டு ஆண்டு நீக்கி வைத்தது. அன்று நம் தெருக்களிலும் அலுவலகங்களிலும் பேசப்பட்டது என்ன? நம்மைக் குறி வைத்து அடிக்கிறார்கள் என்பதுதான். 2018இல் அணி திரும்பி வந்து கோப்பையும் வென்றது. கொண்டாடினோம். நடந்த குற்றத்தைப் பற்றி மஞ்சள் சட்டை போட்டவர்களில் யார் முதலில் கேள்வி கேட்டார்?

இனி வாய் திறந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பார்ப்போம். ராம்னியை அவருடைய மாநிலக் கட்சி மாநாட்டிலேயே கூச்சலிட்டு வரவேற்றார்கள். 2024இல் அவர் போட்டியிடவில்லை. 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான இரண்டாம் பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் பத்துப் பேரில், அடுத்த தேர்தலுக்குப் பிறகு சபைக்குத் திரும்பியவர்கள் இருவர் மட்டுமே. நான்கு பேர் போட்டியிடவே இல்லை. நான்கு பேரைச் சொந்தக் கட்சியினரே உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார்கள். அணியே தன் ஆளை வெளியே தள்ளிய நாட்களும் உண்டு. 2023 டிசம்பரில் பொய்களால் தம் வாழ்க்கை வரலாற்றையே கட்டிய பிரதிநிதி ஜார்ஜ் சாண்டோஸைச் சபையிலிருந்து நீக்க அவர் கட்சியினரே 105 பேர் வாக்களித்தார்கள். ஆகவே முடியாது என்பதில்லை. ஆனால் சாண்டோஸ் கட்சியில் புதியவர், பலமில்லாதவர். பலமுள்ளவர் விஷயத்தில் அந்த 105 பேரைக் காணோம்.

பேஸ்பாலில், ஹிஞ்ச் தடை முடிந்த சில நாட்களில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மேலாளரானார். 2017இல் அவருக்கு உதவியாளராக இருந்து, தொட்டித் திட்டத்தில் பங்குகொண்டதற்காகத் தண்டனை பெற்ற அலெக்ஸ் கோராவை, அவர் மேலாளராக இருந்து பிரிந்த ரெட் சாக்ஸ் அணி 2020 நவம்பரில் மீண்டும் அழைத்துக்கொண்டது. உண்மையைச் சொன்ன மைக் ஃபயர்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. புகழ்பெற்ற முன்னாள் வீரர்கள் சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று பழித்தார்கள். கோப்பையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு பிறகு ஏன் சொன்னார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதை முதலில் கேட்டிருக்க வேண்டியது சொல்லாமலே இருந்த மற்றவர்களிடம். காயத்தால் அவதிப்பட்ட அவர் 2021க்குப் பிறகு பெரிய லீகில் பந்து வீசவில்லை. விதி ஒன்று மட்டும் திருந்தியது. 2022 முதல் கேட்சர் விரல் காட்ட வேண்டியதில்லை. கைக்கட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் சொல் கேட்கிறது. கருவி வந்தபின் சைகைத் திருட்டுக்கு வழி அடைபட்டது. வாய் திறந்தவரைக் காக்கும் ஏற்பாடு மட்டும் இன்னும் வரவில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் ஒரு கட்சியில் சேர்வீர்கள், சங்கத்தில் சேர்வீர்கள், ஓர் அலுவலகத்தின் ஆளாக ஆவீர்கள். சேருங்கள்; தனியாளாக நின்று பொதுவாழ்வில் எதையும் சாதிக்க முடியாது. அங்கே ஒருவர் எழுந்து, நம் ஆட்கள்தான் இதைச் செய்தார்கள் என்று சொல்லும் நாள் வரும். எதிரணிக்கு இது தீனியாகிவிடும், இப்போது வேண்டாம் என்று மற்றவர்கள் அவரை உட்காரச் சொல்வார்கள். அவர் சொல்வது உண்மையா என்று நீங்களே சரிபாருங்கள். உண்மை என்றால், அன்றைக்கே, அந்தக் கூட்டத்திலேயே, அவருக்கு ஆதரவாகக் கை தூக்குங்கள்.